பன்னிரண்டு, இருபது, இருபத்தெட்டு: ஒரு வலது தோளின் கணக்கு

பலேர்மோவில் புறாவுக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டுப் பல்கனிக் கம்பியில் இன்று காலை பதினொன்று இருந்தன. காயப்போட்ட உடுப்புகளில் அவை விட்டுச்சென்ற அடையாளங்கள் ஆறு. நிலைமை இப்படியிருக்க, புறா சுடுவதற்காக இரண்டு விமானம் மாறி, ஒரு பெருங்கடலைத் தாண்டி ஆர்ஜென்டீனாவுக்குப் போகவேண்டும் என்று எழுபத்தாறு வயதில் ஒருவருக்குத் தோன்றினால் அவர் வைத்தியராகத்தான் இருக்கவேண்டும். மற்றவர்களுக்கு இந்த யோசனை வந்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள்.

நான் வேலை செய்யும் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற காது வைத்தியர். நாற்பது வருடமாக இந்த நகரத்தின் காதுகளுக்குள் எட்டிப் பார்த்து, பெரிய சத்தங்களுக்குக் கிட்டப் போகவேண்டாம் என்று எல்லோருக்கும் புத்தி சொன்னவர். நான் அவரைத் தொத்தோரே என்பேன், அவர் மனைவியை சிஞ்ஞோரா என்பேன். வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்றாம் மாடி. படிகள் எழுபத்தெட்டு. லிஃப்ட் உண்டு; அதன் கதவில் தொங்கும் அறிவித்தலுக்கு இந்த ஆவணியோடு நாலு வயது. சமையலறைக்குப் பின்னால் என் அறை: நீளம் நாலு எட்டு நடை, அகலம் மூன்று. பத்தொன்பது வருடமாக அதுதான் என் வீடு. தொத்தோரே என்னோடு இத்தாலியனில்தான் பேசுவார். ஆனால் என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இறங்கும், அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் தொத்தோரே குளியலறையில் விழுந்தார். வலது தோளில் தசைநார் அறுந்து சத்திரசிகிச்சை நடந்தது. ஐந்து மாதம் அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பூட்டியவன் நான். சட்டைக்கு ஏழு பொத்தான், மணிக்கட்டுக்கு இரண்டு. அந்த நாட்களில் தொரீனோவில் இருக்கும் மகள் வந்து சாப்பாட்டு மேசையில் தீர்ப்புச் சொன்னாள்.

"அந்தத் தோள் இன்னொருக்கால் போச்செண்டால் இந்த வீட்டைப் பூட்டிப்போடுவன். நீங்கள் ரெண்டு பேரும் என்னோடை தொரீனோவுக்கு வாறியள்."

இரண்டு பேர் என்றாள். வீட்டில் இருப்பவர்கள் மூன்று பேர் என்று நான் எண்ணி வைத்திருந்தேன். கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அறுபத்தெட்டு வயதில் முழங்கால் நோவோடு வேலை கேட்டு வருபவனை வைத்துக்கொள்ளும் வீடுகள் பலேர்மோவில் எத்தனை என்பது எனக்குத் தெரியும். கணக்கில் கொஞ்சம் கெட்டிக்காரனான நான் பூச்சியத்தைத் தவறாகப் படிக்க வாய்ப்பில்லை. அன்றிலிருந்து என் அறை, என் கட்டில், என் சாமிப்பட அலமாரி எல்லாம் இன்னொருவருடைய வலது தோளில் தொங்கின.

தோளுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். சுவரில் விரல்களை வைத்து நண்டு ஏறுவதுபோல மேலே ஏற்றவேண்டும். சமையலறைச் சுவரில் வெள்ளை டைல் பதித்திருந்ததால் எனக்கு வசதி. மேசை மட்டத்திலிருந்து எண்ணினால் முதல் மாதம் மூன்றாவது டைல். ஒரு வருடத்தில் எட்டாவது. அந்த எட்டாவது டைலை நான் தினமும் துடைத்தேன். மற்றவற்றைக் கிழமைக்கு ஒருமுறைதான்.

அப்படிப்பட்ட தோளோடுதான் தொத்தோரே ஒரு நாள் பளபளக்கும் கையேடு ஒன்றை விரித்தார். அவரைப்போல ஓய்வூதியம் எடுக்கும் மூன்று நண்பர்கள் போகிறார்களாம். ஆர்ஜென்டீனாவில் சோளக் காடுகளைப் புறாக்கள் மொய்த்துத் தின்கின்றனவாம். சுடுவதற்கு எல்லை இல்லையாம், ஒருவர் ஒரு நாளில் ஆயிரம் வெடி வைக்கலாமாம். கையேட்டில் படம் போட்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், புறாக்களைத் தவிர.

"துவக்கைக் கொண்டு போகத் தேவையில்லை. அங்கையே தருவினம்," என்றார் தொத்தோரே. "எந்தக் கலிப்ரோ எண்டு மட்டும் எழுதி அனுப்பவேணும். பன்ரெண்டு, இருவது, இருவத்தெட்டு. நான் பன்ரெண்டுதான். என்ரை அப்பாவும் பன்ரெண்டுதான் வைச்சிருந்தவர்."

கேட்டுக்கொண்டிருந்த சிஞ்ஞோராவின் முகம் தெளிந்தது. "நல்லது. பன்ரெண்டே எடுங்கோ. இருவத்தெட்டைக் கிட்டவும் எடுக்காதையுங்கோ, அது ரெண்டு மடங்குக்கு மேலை உதைக்கும்."

இங்கே நான் வாய் திறக்கவேண்டியதாயிற்று. கலிப்ரோ என்று இத்தாலியர் சொல்வது நாங்கள் கம்பிக்குச் சொல்லும் கேஜ் போன்றதுதான். ஊரில் ஒரு தொழிற்சாலையின் களஞ்சியத்தில் பதினொரு வருடம் கம்பிச் சுருள் எண்ணிக் கொடுத்தவன் நான். எண் ஏற ஏறப் பொருள் மெலியும் என்பது எனக்கு நித்திரையிலும் தெரியும். ஆனால் அதைச் சிஞ்ஞோராவுக்கு விளக்கக் கம்பி உதவாது. அன்று அவர் அரஞ்சீனை என்னும் பொரித்த உருண்டைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். நான் சட்டியைக் காட்டினேன்.

"சிஞ்ஞோரா, இந்தச் சட்டிச் சோத்திலை பன்ரெண்டு உருண்டை பிடிச்சால் ஒண்டு எவ்வளவு பெரிசு? இருவத்தெட்டுப் பிடிச்சால் எவ்வளவு பெரிசு?"

"இருவத்தெட்டெண்டால் விருந்துக்கு வைக்கிற குட்டி அரஞ்சீனை."

"துவக்கும் அப்பிடித்தான். ஒரு றாத்தல் ஈயத்திலை பன்ரெண்டு குண்டு உருட்டினால் அந்தக் குண்டு போற குழாய் பன்ரெண்டு. இருவத்தெட்டு உருட்டினால் மெல்லிய குழாய்."

சிஞ்ஞோரா கையில் இருந்த உருண்டையைப் பார்த்தார். அது பன்னிரண்டுதான், சந்தேகமில்லை. பிறகு கணவரின் தோளைப் பார்த்தார்.

"அப்ப உவர் எடுக்கப் போறது எல்லாத்திலையும் பெரிசையோ?"

"ஓம்."

தொத்தோரே கையேட்டை மூடினார். "இருவத்தெட்டு பொம்பிளையளும் சின்னப் பிள்ளையளும் பிடிக்கிறது. என்ரை சிநேகிதர் மூண்டு பேரும் பன்ரெண்டு. நான் மட்டும் விளையாட்டுச் சாமானோடை நிக்கேலாது." நாலு கிழவர்கள் தங்கள் ஆண்மையைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றால் நான் என்ன சொல்ல?

கணக்கு மட்டும் போட்டேன். பன்னிரண்டின் தோட்டா ஒன்றில் ஈயச் சன்னம் இருபத்தெட்டு கிராம். இருபத்தெட்டின் தோட்டாவில் இருபத்தொரு கிராம். ஆயிரம் வெடிக்கு முதலாவதில் இருபத்தெட்டு கிலோ ஈயம் முன்னால் போகும், அதற்குப் பதிலாகத் துவக்கு பின்னால் உதைக்கும். உதைபடுவது அறுத்துத் தைத்த தோள். தைத்த நூல் எத்தனை என்று வைத்தியசாலைத் தாளில் பார்த்திருக்கிறேன், நாலு. கணக்கைத் தாளில் எழுதி தொத்தோரேயின் கோப்பித் தட்டில் வைத்தேன். அவர் அதை மடித்து மேசையின் ஆடும் காலுக்குக் கீழே வைத்தார். மேசை ஆடுவது நின்றது. அந்தளவில் கணக்கு பயன்பட்டது.

பயந்தவன் போகும் இடத்துக்கு நானும் போனேன். நகரத்துக்கு மேலே மலை, மலைமேல் குகை, குகைக்குள் இந்த ஊரைக் காக்கும் புனிதை. பலேர்மோவில் இருக்கும் எங்கள் ஆட்கள், விபூதி பூசிய நெற்றியோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்கு வெறுங்காலோடு ஏறுவார்கள். வேலைக்கு, பெர்மெஸ்ஸோ என்னும் வதிவிட அனுமதிக்கு, பிள்ளைப் பேற்றுக்கு எல்லாம் அங்கேதான் நேர்த்தி. சாமி எந்த மதம் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். கீழ்மாடியில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, ஐம்பது வயது, ஒரு ஞாயிறும் தவறவிடாதவள். நான் அவளோடு போனேன், பஸ்ஸில்.

குகைக் கூரையில் சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொண்டு போகின்றன. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, சொட்டு எண்ணவோ வந்தனீங்கள்? நேத்தியை வையுங்கோ."

வைத்தேன். தொத்தோரேயின் தோள் பழுதில்லாமல் திரும்பி வந்தால், அவர் வைக்கும் ஒவ்வொரு ஆயிரம் வெடிக்கும் ஒரு தரம் வெறுங்காலோடு மலை ஏறுவேன். ஆயிரம் நிறையாவிட்டால் அந்தப் பகுதி தள்ளுபடி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன அண்ணை, நேத்தியோ டெண்டரோ?"

"அளவு சொல்லாமல் வாக்குக் குடுக்கிறது என்ரை பழக்கமில்லை."

"அம்மாவோடை பேரம் பேசுறதுதான் பழக்கமோ?"

என் பேரத்தில் அறிவு இல்லாமலில்லை. பன்னிரண்டோடு போனால் சுடப்போகும் நாலு நாளிலும் சேர்த்து எண்ணூறைத் தாண்டமாட்டார், நோவு விடாது. தோள் தப்பினால் ஆயிரம் நிறைந்திராது, நான் ஏறத் தேவையில்லை. தோள் போனால் நேர்த்தியே இல்லை. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, பஸ்ஸிலேயே இறங்கி வந்தேன்.

அதன்பிறகு நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு. நேர்த்தி வைத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தொத்தோரேயிடம் ஒரு பரீட்சை கேட்டேன். நகரத்துக்கு வெளியே களிமண் தட்டுகளை எறிந்து சுட்டுப் பழகும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்று சனிக்கிழமை, மூன்று துவக்கு, ஒவ்வொன்றிலும் ஐம்பது வெடி. மறுநாள் காலையில் டைல் பார்ப்பது. வைத்தியர் என்பதால் பரீட்சை என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

முதல் சனி பன்னிரண்டு. ஞாயிறு காலை விரல்கள் ஐந்தாவது டைலில் நின்றன. தொத்தோரே டைலைப் பார்த்து, "நேற்று சரியா நித்திரை இல்லை" என்றார். இரண்டாம் சனி இருபது. ஏழாவது டைல். மூன்றாம் சனி இருபத்தெட்டு. அன்று ஐம்பது தட்டில் முப்பத்தொன்றை உடைத்தார், பன்னிரண்டில் உடைத்தது முப்பத்திரண்டு. மறுநாள் விரல்கள் எட்டாவது டைலுக்கு ஏறி, அங்கேயே தாளம் போட்டன.

"ஏழு டைல் காணும். இருவதோடை போறன்," என்றார். பாதி வழிக்கு வந்துவிட்டார். மீதிப் பாதிக்கு அவருடைய தொழிலைத்தான் பிடித்தேன்.

"தொத்தோரே, நாப்பது வருஷம் காதுக்குள்ளை விட்ட ஆயுதம் தடிச்சதோ, மெல்லிசோ?"

"இதென்ன கேள்வி? மெல்லிசு."

"தடிச்சதை விட்டவன் கெட்டிக்காரனோ?"

"அவன் கொலைகாரன்." சொல்லிவிட்டு என் பக்கம் விரலை நீட்டினார். "நீர் சரியான நரி." அன்று மத்தியானமே கடிதம் எழுதினார். இருபத்தெட்டு எல்லோரும் கேட்பதில்லை என்பதால் தோட்டாக்களை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொன்னார். நண்பர்களிடம் டெலிபோனில், கை வாகு உள்ளவன்தான் இருபத்தெட்டு பிடிப்பான் என்று பெருமையாகச் சொல்வது கேட்டது. நான் பாத்திரம் கழுவிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தேன். பன்னிரண்டுக்குப் போட்ட நேர்த்தி இருபத்தெட்டுக்கும் செல்லும் என்பது அந்த நேரம் என் புத்தியில் ஏறவில்லை. களஞ்சியத்தில் இப்படி ஒரு பிழை விட்டிருந்தால் என்னை வேலையால் நிறுத்தியிருப்பார்கள்.

மாசி முடிவில் போனார், பத்து நாளில் வந்தார். பெட்டியை வலது கையாலேயே தூக்கிக்கொண்டு எழுபத்தெட்டுப் படியும் ஏறினார். கோட்டைக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் வந்து சுவரில் விரலை வைத்தார். எட்டாவதைத் தாண்டி ஒன்பதாவது டைலைத் தொட்டார்.

சிஞ்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டார். என் கட்டிலும் அலமாரியும் அவ்விடமே இருக்கப்போகின்றன.

"எத்தினை வெடி தொத்தோரே?" என்றேன், மரியாதைக்கு.

"முதல் நாள் அறுநூத்திப் பத்து. ரெண்டாம் நாள் எண்ணூத்தி நாப்பது. பிறகு தொளாயிரத்தி அஞ்சு. கடைசி நாள் எழுநூத்தி எண்பத்தஞ்சு. பன்ரெண்டு பிடிச்ச மூண்டு பேரும் ரெண்டாம் நாள் மத்தியானமே தோளிலை ஐஸ் கட்டியை வைச்சுக்கொண்டு குந்தியிட்டினம். எனக்குக் கொஞ்சமும் நோகேல்லை. எல்லாம் உம்மடை கணக்கு!"

மூவாயிரத்து நூற்று நாற்பது. மனக்கணக்கு இவ்வளவு வேகமாக வராமல் இருந்திருக்கலாம்.

விழுந்த புறாக்களின் தொகையையும் சொன்னார். அதை நான் இங்கே எழுதவில்லை, மறந்ததால் அல்ல. முட்டை கூடச் சாப்பிடாதவன் நான். பன்னிரண்டோடு போயிருந்தால் இந்த மனிதரும் ஐஸ் கட்டியோடு குந்தியிருப்பார், பறவைகள் தங்கள் சோளத்தைத் தின்றிருக்கும். ஒரு தோளைக் காப்பாற்ற நான் தேடிக் கொடுத்த மெல்லிய குழாய்தான் அவரை நாள் முழுக்கச் சுடவைத்தது. என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் தொந்தரவு.

கீழ்மாடிப் பெண்ணிடம் சொன்னபோது அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"மூண்டு தரம் அண்ணை! மிச்ச நூத்தி நாப்பதுக்கு என்ன செய்யப் போறியள்?"

"அது தள்ளுபடி. சொல்லித்தான் வைச்சனான்."

"அம்மா கையெழுத்து வைச்சவவோ?"

பங்குனியில் மூன்று ஞாயிறு ஏறினேன். பழைய கல் பாவிய பாதை, வளைந்து வளைந்து போகும். முதல் முறை எண்ணியபோது ஆறாயிரத்துச் சொச்சம் அடிகள், சுமாராக ஆறாயிரம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை முழங்கால் தனியாகப் பேச ஆரம்பித்தது. மூன்றாம் முறை, செருப்பும் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு சுற்றுலாக்காரி என்னைப் படம் எடுத்தாள். அவள் ஊரில் அந்தப் படத்துக்குக் கீழே பக்தி என்று எழுதியிருப்பாள். எண்கணிதம் என்று எழுதியிருக்க வேண்டும். அன்று குகைக்குள் புனிதையிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பறவைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன். பீலியில் தண்ணீர் சொட்டியது.

முழங்கால் தேங்காயளவு வீங்கியது. கபோச் சந்தைக்குப் போய் வருவது நின்றது. தொத்தோரே என்ன ஏதென்று கேட்கவில்லை. வைத்தியராச்சே, காதைத் தவிர வேறு உறுப்பு உண்டென்பது நினைவில் இருக்குமா? பையை எடுத்துக்கொண்டு தானே போய்க் கத்தரிக்காயும் தக்காளியும் வாங்கி வந்தார். நாலு கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று கதவடியில் நின்று நான் கத்துவேன்.

பாஸ்குவாவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக அப்பாவைச் சுவரில் நிறுத்தினாள். ஒன்பதாவது டைல். கோப்பித் தட்டோடு நான் நுழைந்தேன். ஆறு அடிதான், நொண்டாமல் நடக்க முந்தின நாள் முழுக்கப் பழகியிருந்தேன். ஐந்தாவது அடியில் முழங்கால் காட்டிக்கொடுத்தது. கோப்பைகள் மூன்றும் ஒன்றோடொன்று மோதின.

அவள் தாயிடம் திரும்பினாள். நான் அங்கே நிற்கவில்லை என்பதுபோலப் பேசினாள்.

"இவராலை இனி ஏலாது, அம்மா. எழுபத்தெட்டுப் படி. இளம் ஆளாப் பாத்து வைக்கவேணும்."

தோளைக் காத்தவன் முழங்காலில் பிடிபட்டேன். கோப்பைத் தட்டை மேசையில் வைத்தேன். மேசை ஆடவில்லை, என் கணக்குத் தாள் அங்கேயே இருந்தது.

"நான்தானே சந்தைக்குப் போறன்," என்றார் தொத்தோரே அவசரமாக. "தோளுக்குப் பயிற்சி. பை தூக்கச் சொல்லியிருக்கினம்." யாரும் சொல்லியிருக்கவில்லை.

சிஞ்ஞோரா கரண்டியைக் கீழே வைத்தார். "அவற்றை முழங்கால் ஏன் வீங்கினதெண்டு தெரியுமோ உனக்கு? உன்ரை கொப்பற்றை தோளுக்காக மலையிலை நேத்தி வைச்சவர். வெறுங்காலோடை மூண்டு தரம் ஏறினவர். கீழ்வீட்டுப் பிள்ளை எனக்குச் சொன்னது. நீ விமானத்திலை வந்தனி."

மகள் சீனி போடாத கோப்பியை வெகுநேரம் கலக்கினாள். பத்தொன்பது சுற்று. பிறகு, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, என்னை நேரே பார்த்து, "முழங்காலுக்கு ஒரு எக்ஸ்றே படம் எடுக்கவேணும். நானே நேரம் எடுத்துத் தாறன்," என்றாள். இளம் ஆளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

அவள் போன அடுத்த ஞாயிறு தொத்தோரே தொப்பி போட்டுக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"மிச்சம் நூத்தி நாப்பது வெடி இருக்காமே. கீழ்வீட்டுப் பிள்ளை சொன்னது."

"அது தள்ளுபடி, தொத்தோரே."

"சுட்டது நான். ஒரு மலைக்கு ஆறாயிரம் அடியெண்டால் நூத்தி நாப்பதுக்கு எவ்வளவு?"

"எண்ணூத்தி நாப்பது."

"வாரும்."

மலையடிவரை டாக்ஸியில் போனோம். அவர் சப்பாத்தோடு ஏறினார். நேர்த்தியில் அவருடைய காலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் ஒரு தடியோடு பின்னால் நின்று எண்ணினேன். எண்ணூற்று நாற்பதாவது அடியில் மதில் ஓரம் உட்கார்ந்தோம். கீழே துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல் வாயைத் திறந்து லொறிகளை விழுங்கிக்கொண்டிருந்தது. பாறையிலிருந்து புறாக் கூட்டம் ஒன்று எழும்பியது. தொத்தோரே இல்லாத துவக்கைத் தோளில் வைத்து அவற்றோடு கையைச் சுழற்றினார். கையின் உயரத்தைப் பார்த்தேன். ஒன்பதாவது டைல்.

"அடுத்த வருஷம் இருவதோடை போய்ப் பாப்பமோ?"

"போங்கோ. நேத்தி வைக்க என்னட்டை முழங்கால் மிச்சமில்லை."

கூட்டத்தில் முப்பத்தேழு இருந்தன. அவர் கையைச் சுழற்றி முடித்தபின்னும் முப்பத்தேழு. இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. தொத்தோரே வலது பக்கத்தைக் கொடுத்தார். என் எடை அறுபத்தொரு கிலோ. அதில் பாதியாவது அந்தத் தோளில் தொங்கியபடிதான் வீதிவரை வந்தேன். இதை மகளுக்கு எவரும் சொல்லத் தேவையில்லை.